கரிசல் கண்மாயில் சினைக் கெண்டை

‘கேள்வி-பதில்’ பகுதிக்கு வரும் கடிதங்களில் மீன் பற்றியவை எப்போதும் பத்துக்கு ஒன்றாவது இருக்கும். பெரும்பாலும் தீவனம், மானியம், குஞ்சு எங்கே கிடைக்கும் என்ற மூன்றில் அடங்கிவிடும். வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த கடிதம் அப்படி அடங்கவில்லை. ‘எங்கள் கண்மாயில் பிடிபடும் சாதா கெண்டை எல்லாம் வயிறு முட்டச் சினையாக இருக்கிறது. அரைக் கிலோவைத் தாண்டவில்லை. சினையே பிடிக்காத மூணு செட்டுக் குஞ்சு தருகிறேன், அது இரண்டு மடங்கு வளரும் என்று ஒரு வியாபாரி வந்து முன்பணம் கேட்கிறார். மூன்று பேர் சேர்ந்து குத்தகை எடுத்திருக்கிறோம். கொடுக்கலாமா?’ இவ்வளவுதான் கடிதம். கேட்ட முன்பணம் அவர்களுடைய ஒரு வருட மீன்பாசிக் குத்தகையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு நாலு வரியில் பதில் எழுதி அனுப்புவது சரியில்லை என்று பட்டது. மாசி மாதக் கடைசியில், கண்மாய் வற்றி மீன் பிடிக்கும் நேரம் பார்த்துக் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாகப் போனால் வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். மலையடிவாரத்தில் வத்திராயிருப்புக்கு மேலே பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் கண்மாய்களில் நெல்லும் தென்னையும் பச்சை கட்டி நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இடதுபுறம் திரும்பி மல்லியைத் தாண்டியதும் நிறம் மாறிவிடுகிறது. கரிசல். அறுத்து முடித்த மக்காச்சோளத் தட்டை, அங்கங்கே பருத்தி, மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம். நடுவே ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கும் பட்டாசு ஆலை அறைகள். இங்கே ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மழை பொய்த்த வருடம் விவசாயி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சாபீசுக்கும் போய்விடுவார். சிவகாசி வளர்ந்த கதையில் பாதி இந்த வானம் பார்த்த பூமியின் கதைதான்.

சிவகாசியிலிருந்து தெற்கே வைப்பாற்றை நோக்கிப் போனால் வெம்பக்கோட்டை. வைப்பாற்றின் குறுக்கே அணை இருக்கிறது. பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தொல்லியல் துறை தோண்டிச் சங்கு வளையல்களும் சுடுமண் பொருட்களும் எடுத்தார்கள். அதைப் பார்க்க வருகிற கூட்டம் உண்டு. நான் போனது அதற்கு அப்பால், மழைத் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் ஒரு சின்னக் கண்மாய்க்கு.

கரையில் ஏறும்போதே மீன் வாடை. தண்ணீர் முழங்காலுக்கு மேல் கொஞ்சம்தான். நாலு பேர் வலையை வளைத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடிதம் எழுதியவர் கரையில் தராசோடு உட்கார்ந்திருந்தார். ஒரு சாதா கெண்டையை எடுத்து வயிற்றை லேசாக அழுத்திக் காட்டினார். மஞ்சள் மஞ்சளாக முட்டை பிதுங்கி வந்தது.

“பாருங்க சார், அம்புட்டும் இப்படித்தான். குழம்புக்குச் சினை நல்லா இருக்கும்னு வாங்குறவங்க வாங்குறாங்க. ஆனா கட்லா இதே தண்ணியில முக்காக் கிலோ வந்திருக்கு. இது அரைக் கிலோவில நின்னுருச்சு.”

“கட்லாவில் சினை இருக்கா?”

“ஒண்ணுலகூட இல்ல.”

அவருடைய கேள்விக்கான விடையில் பாதி இங்கேயே இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே பெரிய ஆறுகளில் பிறந்து வளர்ந்த மீன்கள். சினைக்கு வரப் பொதுவாக இரண்டாவது வயது ஆகவேண்டும். அப்போதும் கண்மாய்த் தண்ணீரில் முட்டை இடாது. வெள்ளம் புரளும் ஆறு வேண்டும். அதனால்தான் ஒரு காலத்தில் ஆற்றில் வலை போட்டுக் குஞ்சு அள்ளி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அள்ளியதில் எது நல்ல மீன், எது கழிவு என்று பிரிப்பதற்குள் பாதி செத்துவிடும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் மீன் பண்ணையில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டை மீனை முட்டையிட வைத்துக் காட்டினார். கே.எச்.அலிக்குன்ஹியும் அந்த முயற்சியில் கூட இருந்தவர். இன்று ஜூலை 10ஐ தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுவது அதற்காகத்தான். இப்போது நாம் வாங்கும் ஒவ்வொரு கட்லாக் குஞ்சும் அந்த ஊசியின் வாரிசு.

சாதா கெண்டையின் சுபாவம் வேறு. மீன் கடைக்காரர்கள் ‘சி.சி.’ என்பார்கள். 1939ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு ஒரு வகை வந்தது. 1957ல் பாங்காக்கிலிருந்து கட்டாக்குக்கு இன்னொரு வகை வந்தது. சமவெளியில் பரவியது இந்தப் பாங்காக் வகை. குளிர் நாட்டில் மூன்று, நான்கு வருடம் கழித்துச் சினை பிடிக்கும் மீன், நம் ஊர் வெயிலில் ஆறு, எட்டு மாதத்திலேயே பிடித்துவிடுகிறது. ஆறும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். வேலம்பாசி கிடைத்தால் அதன்மேல் ஒட்டும் முட்டைகளை இட்டுவிடும். ஒரு கிலோ உடலெடைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டை. தின்ற தீனி சதையாகாமல் சினையாகிறது. மாசி, பங்குனி அதற்கு முட்டைக் காலமும்கூட. நம் கண்மாய் வற்றுவதும் அதே நேரம்தான்.

ஆக, சினை பிடிக்காத கெண்டை கிடைத்தால் நல்லதுதானே என்று வியாபாரி சொல்வது முழுப் பொய் அல்ல. அப்படி ஒரு மீனை உண்டாக்க முடியும். எப்படி என்று கேட்டார்கள். கரையில் இருந்த வேம்பின் நிழலில் உட்கார்ந்தோம். வெட்டிய மீனைக் கழுவிக்கொண்டிருந்த குத்தகைதாரரின் மனைவியும் வந்து உட்கார்ந்தார். சிவகாசியில் ஒரு பைண்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவர். அன்று வாரவிடுமுறை.

எல்லா உயிரின் உடல் செல்லுக்குள்ளும் குரோமோசோம் என்ற நூலிழைகள் இருக்கின்றன. உடம்பை எப்படிக் கட்டவேண்டும் என்ற குறிப்பு முழுவதும் அதில்தான். ரோகு, கட்லா, மிர்கால் மூன்றுக்கும் 50. அதாவது தாய் கொடுத்த 25, தகப்பன் கொடுத்த 25, இரண்டு செட். புல் கெண்டைக்கும் வெள்ளிக் கெண்டைக்கும் 48. திலாப்பியாவுக்கு 44. சாதா கெண்டைக்கு மட்டும் 100. மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே அதன் முன்னோரில் மொத்தக் குறிப்பும் இரட்டித்துவிட்டது.

அந்த அக்காவிடம் அச்சாபீஸ் கணக்கில் சொன்னேன். ஒரு நோட்டுக்கு 25 பாரம் என்று வையுங்கள். உடல் செல்லில் ஒவ்வொரு பாரமும் இரண்டு பிரதி இருக்கும். முட்டையோ விந்தோ உண்டாகும்போது ஒன்றாம் பாரத்தின் இரண்டு பிரதியும் ஜோடி சேர்ந்து நின்று, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று பிரியும். இரண்டாம் பாரமும் அப்படியே. கடைசியில் இரண்டு பக்கமும் 25 பாரம் கொண்ட முழு நோட்டு. மூன்று பிரதி இருந்தால்?

அவர் யோசிக்கவே இல்லை. “ஒரு பக்கம் ரெண்டு போகும், ஒரு பக்கம் ஒண்ணு போகும். ஒண்ணாம் பாரம் இங்கிட்டு ரெண்டு, ரெண்டாம் பாரம் அங்கிட்டு ரெண்டுன்னு கலைஞ்சு போகும். எந்த நோட்டும் தேறாது.”

சரியாக அதுதான். மூன்று செட் உள்ள மீன் தின்னும், நீந்தும், வளரும். அதற்குப் பாரங்கள் குறைவில்லை. ஆனால் சினை தேறாது. பெண் மீனின் சினைப்பை நூல் போல ஒடுங்கியே கிடக்கும். ஆணுக்கு விந்துப்பை ஓரளவு வளர்ந்தாலும் குஞ்சு உண்டாகாது.

விவசாயிக்கு இது புதிதல்ல. பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி எல்லாம் மூன்று செட் வாழை. அடிப்படை 11, மூன்று செட்டில் 33. பழத்துக்குள் விதை இல்லாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பருத்தியில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். இந்தக் கரிசலின் பழைய பருத்தியான கருங்கண்ணிக்குக் குரோமோசோம் 26. பிற்பாடு வந்த கம்போடியாப் பருத்திக்கு 52. கருங்கண்ணி வறட்சியைத் தாங்கும், கம்போடியா நீள இழை தரும். இரண்டையும் கலந்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். கலந்தால் 13உம் 26உம் சேர்ந்து 39 ஆகும். செடி வளரும், காய் பிடிக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தியைக் கலக்க நினைப்பவர்கள் முதலில் தாண்டவேண்டிய சுவர் இந்தக் கணக்கு. மீனிலும் அச்சு அசலாக இதே கணக்குதான். சாதா கெண்டை முட்டையில் 50, ரோகு விந்தில் 25. சேர்த்தால் 75. குஞ்சு வரும், வளரும், அடுத்த தலைமுறை கிடையாது. ஆனால் கட்லாவும் ரோகுவும் இரண்டும் 50. அவை கலந்தால் வரும் பிள்ளை மலடு அல்ல. இதை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

கலப்பினம் இல்லாமலே மூன்று செட் உண்டாக்குவது கொஞ்சம் தந்திரமான வேலை. மீன் முட்டை வெளியே வரும்போது கணக்கு முடிந்து வருவதில்லை. ஒரு செட் கூடுதலாக வைத்துக்கொண்டே வரும். விந்து உள்ளே நுழைந்த பிறகுதான் அந்தக் கூடுதல் செட்டை ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டி வெளியே தள்ளும். எல்லாம் சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடத்துக்குள் முட்டைக்கு ஓர் அதிர்ச்சி கொடுத்தால் பொட்டலம் வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிடும். சட்டென்று சூடான தண்ணீர், அல்லது பனிக்கட்டிக் குளிர், அல்லது இரும்பு உருளைக்குள் அடைத்து அழுத்தம். தாயின் இரண்டு செட், தகப்பனின் ஒன்று, ஆக மூன்று. நேரம் அரை நிமிடம் தப்பினால், சூடு ஒரு டிகிரி கூடினால், ஒன்று பலிக்காது, இல்லை முட்டை செத்துப்போகும். பலித்தாலும் நூற்றுக்கு நூறு பலிப்பதில்லை. நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்களிலும் ரோகு, கட்லா முட்டைகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

பெரிய அளவில் இதைத் தொழிலாகச் செய்வது அமெரிக்காவில், அதுவும் புல் கெண்டையில். நீர்க்களையைத் தின்பதற்கு அது அங்கே வேண்டும். ஆனால் மிசிசிப்பி போன்ற ஆறுகளுக்குள் தப்பிப் போய்ப் பெருகிவிட்டால் ஆற்றுச் செடியையெல்லாம் மேய்ந்துவிடும் என்ற பயம். அதனால் 1980களில் அழுத்த முறையில் மூன்று செட் புல் கெண்டையை உண்டாக்கினார்கள். பல மாநிலங்களில் இரண்டு செட் மீனை விடவே அனுமதி இல்லை. அங்கே பண்ணைக்காரர் ஒவ்வொரு மீனிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார். மீனின் ரத்தச் சிவப்பணுவில் நம்முடையதுபோல் இல்லாமல் உட்கரு இருக்கும். மூன்று செட் மீனுக்கு அந்த உட்கரு பெரிதாக இருக்கும். கருவி அளந்து சொல்லிவிடும். அதற்கு மேல் அரசு ஆய்வாளர் வந்து சில மீன்களை எடுத்து மறுபடி சோதித்துச் சான்று கொடுக்கிறார். ஒவ்வொரு மீனையும் சோதிக்கிறார்கள் என்றால், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்றுதானே அர்த்தம்?

இந்த இடத்தில் குத்தகைதாரர் மற்ற இரண்டு பங்காளிகளையும் திரும்பிப் பார்த்தார். வியாபாரி ஒரு பிளாஸ்டிக் பையில் குஞ்சைக் கொண்டுவந்து, “வால் பாருங்க, வித்தியாசம் தெரியுதா?” என்று காட்டியிருக்கிறார்.

வாலில் எதுவும் தெரியாது. விரல் நீளக் குஞ்சில் இரண்டு செட்டும் மூன்று செட்டும் ஒன்றுபோலவே இருக்கும். தெரிந்துகொள்ள வேண்டுமானால் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் குரோமோசோமையே எண்ணவேண்டும். எண்ணுவதற்குக் கோல்ச்சிசின் என்ற மருந்தை மீனுக்கு ஊசி போட்டு, செல் பிரியும் வேலையைப் பாதியில் நிறுத்தி, செவுளிலிருந்தோ சிறுநீரகத்திலிருந்தோ செல் எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். கோல்ச்சிசின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அது. மூலனூர்ப் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று பந்தல் போட்டு வளர்த்து விதையை ஏற்றுமதி செய்கிறார்களே, அதேதான். உங்களுக்குப் பக்கத்தில் இந்த மாதிரிச் சோதனையைப் பற்றி விசாரிக்கத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது. 1977ல் தொடங்கியது. வியாபாரியிடம் சொல்லுங்கள், பத்துக் குஞ்சை அங்கே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறோம் என்று.

“அவரு அதுக்கு ஒத்துக்கிடுவாரா?” என்றார் ஒரு பங்காளி.

“ஒத்துக்கிடலைன்னா அதுவே பதில்தானே மாப்ளே” என்றார் இன்னொருவர்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கும் மேலே. வியாபாரி கொண்டுவருவது உண்மையான மூன்று செட் குஞ்சாகவே இருக்கட்டும். இந்தக் கண்மாய்க்கு அது தேவையா? ஐப்பசிக் கடைசியில் தண்ணீர் வந்து, கார்த்திகையில் குஞ்சு விட்டு, பங்குனியில் கண்மாயைப் பிடித்துவிடுகிறார்கள். தண்ணீர் நிற்பது ஐந்து மாதம். மூன்று செட் மீன் கூடுதலாக வளர்வது எப்போது? மற்ற மீன் சினைக்குச் சத்தைச் செலவழிக்கும்போது இது செலவழிக்காமல் மிச்சம் பிடிப்பதால்தான். சினைப் பருவம் வரும்வரை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வளர்ச்சி. கட்லாவும் ரோகுவும் ஐந்து மாதத்தில் சினைக்கே வரப்போவதில்லை. அவற்றில் மூன்று செட் வாங்குவது, பால் மறக்காத கன்றுக்குச் சினை பிடிக்காமல் இருக்க மருந்து வாங்குவது மாதிரி. புல் கெண்டையும் அப்படியே. அமெரிக்கர்களின் பயம் ஓடும் ஆற்றைப் பற்றியது. நம் கண்மாயில் அது முட்டையிட்டுப் பெருகாது. சாதா இரண்டு செட்டே போதும், வேலம்பாசியை வேண்டிய மட்டும் தின்னும்.

இன்னொன்றும் உண்டு. டிரௌட், சால்மன் வளர்க்கும் குளிர்நாடுகளில் மூன்று செட் மீன்கள், தண்ணீர் வெதுவெதுப்பாகி ஆக்சிஜன் குறையும்போது மற்றவற்றைவிடச் சீக்கிரம் தளர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறார்கள். நம் கண்மாய் மாசி பங்குனியில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை இந்த மூன்று பேரும் போன வாரமே பார்த்திருக்கிறார்கள்.

மிஞ்சுவது சாதா கெண்டை ஒன்றுதான். அதற்கு மூன்று செட்டைவிட எளிய வழிகள் இருக்கின்றன. முதல் கேள்வி, குஞ்சு எங்கே வாங்கினீர்கள்? பக்கத்து ஊரில் ஒருவர் தன் கிணற்றிலேயே பல வருடமாக இனப்பெருக்கம் செய்து விற்கிறார், அவரிடம்தான் என்றார்கள். இங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது. நாலைந்து தாய் மீனையே வைத்து, அதன் குஞ்சையே மறுபடி தாயாக்கி, அண்ணன் தங்கைக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போனால் வளர்ச்சி குன்றும். அதோடு, பெரிதாக வளர்ந்ததை விற்றுவிட்டு, சீக்கிரம் சினை பிடித்த சின்ன மீனையே தாய்க்கு நிறுத்துவார்கள். சீக்கிரம் சினை பிடிப்பதையே ஒவ்வொரு தலைமுறையும் பொறுக்கி எடுத்த மாதிரி ஆகிறது. ஆட்டுக் கிடாயை மாற்றாமல் ஒரே கிடாயை ஏழு வருடம் மந்தையில் வைத்திருப்பவர் யார்? மீனில் மட்டும் ஏன் அந்த அலட்சியம் என்று தெரியவில்லை.

ஹங்கேரியிலிருந்து கர்நாடகத்துக்குக் கொண்டுவந்து பரப்பிய ‘அமூர்’ என்ற சாதா கெண்டை வகை உண்டு. பழைய வகையைவிடத் தாமதமாகச் சினைக்கு வரும், அதனால் எடை கூடும். குரோமோசோம் அதே 100தான், செட்டில் ஒரு மாற்றமும் இல்லை. பொறுக்கு விதை மாதிரி பொறுக்கு இனம். ரோகுவில் ‘ஜெயந்தி’ என்பதும் அப்படித்தான். புவனேஸ்வரத்தில் இருக்கும் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிறுவனம் நார்வே விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1992ல் வேலையைத் தொடங்கி, பல ஆறுகளின் ரோகுவைச் சேர்த்து, வேகமாக வளரும் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997ல் வெளியிட்டதால் அந்தப் பெயர். வியாபாரியின் ‘மூணு செட்டு’க்குக் கொடுக்கிற காசில் பாதி போதும், இந்த மாதிரி இனத்தை நம்பகமான பண்ணையில் பதிவு செய்து வாங்க.

இப்போது முன்பு மனதில் வைக்கச் சொன்னது. கட்லாவும் ரோகுவும் கலந்தால் மலடு இல்லாத கலப்பு வரும் என்றேன். சில குஞ்சுப் பண்ணைகளில் இரண்டு இனத்துக்கும் ஒரே தொட்டியில் ஊசி போட்டு முட்டையிட விடுகிறார்கள். இடமும் நேரமும் மிச்சம். அதில் வரும் கலப்புக் குஞ்சு தூய குஞ்சோடு சேர்ந்தே விற்பனைக்கு வரும். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுத்தண்ணீரில். கலப்பு எங்கே மேயும் என்று அதற்கே தெரியாது. மூன்று தட்டுத் தண்ணீரையும் பயன்படுத்துவதற்காகத்தானே இனம் பிரித்து விடுகிறோம்? அதோடு அந்தக் கலப்பை யாராவது தாய் மீனாக நிறுத்திவிட்டால் கலப்படம் அடுத்த தலைமுறைக்கும் போகும். என்னைக் கேட்டால் நம் கண்மாய் மீன் விவசாயிக்கு மலட்டு மீன் கிடைக்காதது ஒரு குறையே அல்ல. தூய குஞ்சு கிடைக்காததுதான் குறை.

பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த அவர்களுடைய மகள் அதுவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். எட்டாம் வகுப்பு. “அப்பா மீனே இல்லாம குஞ்சு வருமா சார்?” என்றாள். வரும் பாப்பா. அமெரிக்காவில் டெக்சாஸ், மெக்சிகோ எல்லையில் அமேசான் மோலி என்று ஒரு சின்ன மீன் இருக்கிறது. எல்லாமே பெண். 1932ல் கண்டறிந்தார்கள். பக்கத்து இன ஆண் மீனின் விந்து முட்டையைத் தட்டி எழுப்பும், ஆனால் அதன் குரோமோசோம் குஞ்சுக்குள் சேராது. குஞ்சு தாயின் அச்சு. நம் அயிரைக்கு உறவான, ஜப்பானில் டோஜோ என்று சொல்லும் மீனில் 50, 75, 100 என்று மூன்று விதமான குரோமோசோம் எண்ணிக்கையும் இயற்கையாகவே இருக்கிறது. மனிதன் சூடு வைக்காமலே மீன் இந்த வேலையெல்லாம் செய்து பார்த்திருக்கிறது. சிறுமிக்கு அயிரை சேதி ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்கள் கண்மாயில் அயிரை இப்போது அருகிவிட்டதாம். மடை வாய்க்காலில் மட்டும் மழைக்காலத்தில் கொஞ்சம் ஏறுகிறதாம்.

பேச்சு முடியும் நேரத்தில் கரையோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். “தம்பி, சினை சினைன்னு பேசுறீயளே, இந்தச் சிலேபிக்கு ஒரு வழி சொல்லலையே? வலையில பாதி அதுதான் வருது. கட்டை விரல் தண்டி இருக்கும்போதே வாயில குஞ்சு வச்சிருக்கு.”

சிலேபி, ஜிலேபி என்று நாம் சொல்லும் திலாப்பியா நம் நாட்டுக்குள் நுழைந்ததே இந்தத் தென்கோடி வழியாகத்தான். 1952ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைக்குச் சுலபமான மீன் என்று ஊர் ஊராக விட்டார்கள். ஏழே வருடத்தில், 1959ல், இனி இதைப் பரப்பவேண்டாம் என்று தடுக்கவேண்டியதாயிற்று. அதற்குள் ஒவ்வொரு கண்மாயிலும் குடியேறிவிட்டது. இரண்டு மூன்று மாதத்திலேயே சினை. தாய் முட்டையை வாயில் அடைத்துக் காப்பதால் சேதாரம் குறைவு. கூட்டம் கூடக் கூட உடல் சிறுத்து, இன்னும் சிறிய வயதிலேயே முட்டையிடும்.

இதற்கு உலகம் முழுக்கத் தேடிய வழி மலடு அல்ல, ஒரே பால். திலாப்பியாவில் ஆண்தான் வேகமாக வளரும். 1960ல் மலாக்காவில் ஹிக்லிங் என்பவர் இரண்டு திலாப்பியா இனங்களைக் கலந்து குஞ்சு எல்லாமே ஆணாக வருவதைக் காட்டினார். ஓர் இனத்தில் ஆண்தான் இரண்டு விதப் பால் குரோமோசோம் வைத்திருக்கும், மனிதனைப் போல. மற்றதில் பெண் வைத்திருக்கும், கோழியைப் போல. சரியான பக்கம் சேர்த்தால் எல்லாம் ஆண். இப்போது பெரும்பாலும் செய்வது வேறு. குஞ்சு பொரித்த முதல் மூன்று, நான்கு வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்துப் பெண்ணையும் ஆணாக வளரவைக்கிறார்கள். குரோமோசோம் மாறுவதில்லை, உடம்பு மட்டும் மாறுகிறது. இப்படி ஆண் குஞ்சு மட்டும் வைத்து, வேகமாக வளரும் ‘கிஃப்ட்’ இனத்தை வளர்க்க இப்போது அனுமதி தருகிறார்கள். ஆனால் அது மீன்வளத்துறையில் பதிவு செய்து, தப்பிப் போகாதபடி வலை கட்டிய பண்ணைக் குட்டைக்கு. கலுங்கில் தண்ணீர் மறுகால் பாயும் கண்மாய்க்கு அல்ல. ஆப்பிரிக்கக் கெளுத்தியை எங்குமே விடக்கூடாது, அது தடை செய்யப்பட்ட மீன்.

“அப்போ எங்க கம்மாய்ச் சிலேபிக்கு?” என்றார் பெரியவர் விடாமல்.

விரால்தான் ஐயா. கண்மாய் வற்றியதும் கிடங்குகளில் தேங்கும் தண்ணீரையும் விடாமல் காயவைத்து, சிலேபியை மிச்சமில்லாமல் எடுத்துவிட்டு, புதுத் தண்ணீரில் கெண்டைக் குஞ்சு விரலுக்கு மேல் வளர்ந்த பிறகு கொஞ்சம் விரால் குஞ்சு விட்டால், சிலேபிக் குஞ்சைப் பொறுக்கித் தின்னும். விராலுக்குச் சந்தையில் விலையும் அதிகம். பெரியவர் தலையை ஆட்டினார். அவர் சின்ன வயதில் இந்தக் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்குமாம். வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவோடு ஊரே இறங்குமாம். ஊத்தாவுக்குள் பெரும்பாலும் விராலும் கெளுத்தியும்தான் மாட்டுமாம்.

மூன்று பங்காளிகளும் சாயங்காலம் வரை கணக்குப் போட்டார்கள். முன்பணம் கொடுப்பதில்லை என்று முடிவானது. அந்தப் பணத்தில் ஆடி மாதமே குஞ்சு வாங்கி, கிணற்றுத் தண்ணீர் பாயும் ஒரு பங்காளியின் பண்ணைக் குட்டையில் நெருக்கமாக விட்டு, அளவாகத் தீனி போட்டு வைத்துக்கொள்வார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் வரும்போது அது கை நீளத்துக்கு இருக்கும். ஐந்து மாதத் தண்ணீரில் விரலளவுக் குஞ்சைவிட அது எங்கோ போய் நிற்கும். கட்லா அதிகம், ரோகு அடுத்து, மிர்கால் கொஞ்சம், பாசி மேய நாலைந்து டஜன் புல் கெண்டை. சாதா கெண்டையைப் போன வருடம் விட்டதில் கால்வாசியாகக் குறைப்பது, அதுவும் கிணற்றுக்காரரிடம் வாங்காமல் வேறு பண்ணையில் வாங்குவது. ஏக்கருக்கு 2,000 குஞ்சு என்று புத்தகத்தில் இருக்கிறதே என்று கேட்டார்கள். அது தீவனம் போட்டு, பத்து மாதம் தண்ணீர் நிறுத்தும் குட்டைக்குச் சொன்ன கணக்கு, கண்மாய்க்கு அதில் பாதி போதும் என்றேன்.

வியாபாரி வந்தால் யார் சொல்வது என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. பைண்டிங் பட்டறை அக்கா, தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார்.